கோழிக்கூட்டின் இரண்டாவது தாழ்ப்பாள்

என்னங்க,

இன்று காலை அந்தக் குண்டு பல்பை எரியவிட்டேன். பரண்மேல் பழைய துண்டில் சுற்றி வைத்திருந்தீர்களே, அதேதான். போட்ட கொஞ்ச நேரத்தில் அதன்மேல் படிந்திருந்த தூசி கருகி ஒரு வாசனை வந்தது. அட்டைப் பெட்டியில் பரப்பியிருந்த மரத்தூள் சூடேறிய வாசனையும் அதோடு சேர்ந்துகொண்டது. நீங்கள் பின்னாலிருந்து, "இன்னாடி, குஞ்சுங்களுக்குக் கதகதப்பா கீதா?" என்று கேட்கப்போகிறீர்கள் என்று திரும்பியே பார்த்துவிட்டேன். நீங்கள் இல்லை. அழுகை வரும் என்று நினைத்தேன். கோபம்தான் வந்தது, அதுவும் உங்கள்மேல்தான்.

நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகிறது. செத்துப்போனவர்மேல் கோபப்படக் கூடாது என்று உங்கள் அத்தை சொன்னார். அவருக்கென்ன, சொல்லிவிட்டு ஓசூருக்குப் பஸ் ஏறிப் போய்விட்டார்.

இந்தக் குஞ்சுகளை நான் வாங்கவில்லை. பழைய கோழிகள் ஒவ்வொன்றாகப் போய், கூடு காலியாகி மாதக்கணக்காகிறது. ஆனால் பொழுது சாய்ந்தால் என் கால் தானாகப் பின்பக்கம் போய்விடும். கூட்டை மூடுவேன், மேல் தாழ்ப்பாளைப் போடுவேன், கீழ்த் தாழ்ப்பாளைப் போடுவேன், கதவை இழுத்துப் பார்ப்பேன். பக்கத்து வீட்டு சாவித்ரம்மா இதை மதில் மேலிருந்து பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். ஹெசரகட்டாவில் தங்கை வீட்டுக்குப் போனவர், நேற்று கிரிராஜா ரகக் கோழிக் குஞ்சுகளைப் பெட்டியோடு கொண்டுவந்து என் தையல் மெஷின்மேல் வைத்தார். "காலி கூட்டுக்கு தினமும் தாழ் போட்றீங்களே, நோடக்கே ஆகல்ல ரீ எனக்கு. பார்க்கவே முடியல. இதுங்களயாவது உள்ள விட்டுப் போடுங்க" என்றார். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் ஒன்று பெட்டியின் ஓட்டையில் தலையை நீட்டி என்னைப் பார்த்துக் கத்தியது.

முதல் குஞ்சுகள் வந்த நாள் உங்களுக்கு நினைவிருக்குமோ என்னவோ. அல்சூர் ஏரிப் பக்கம் சைக்கிளில் ஒருவன் கலர் குஞ்சு விற்றான் என்று, பச்சையும் ரோஸும் மஞ்சளுமாகப் பையில் போட்டுக்கொண்டு வந்து நின்றீர்கள். ரேவதி அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். அவளுக்காக வாங்கினேன் என்றீர்கள். அவள் ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டு டிவி பார்க்கப் போய்விட்டாள். நீங்கள்தான் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு அவற்றோடு பேசிக்கொண்டிருந்தீர்கள்.

"சாயம் போட்ட குஞ்சு எதுனா பொழைக்குமா? காச கொண்டுபோய் மோரியில கொட்டிட்டு வந்துட்டீங்க" என்றேன்.

"கலருக்கு அது இன்னா பண்ணும்? யாரோ போட்டு வுட்டாங்க. சும்மா இரு" என்றீர்கள்.

நானும் சும்மா இருக்கவில்லை. ரவிக்கை வெட்டிய துண்டுத் துணிகளை அள்ளிப் பெட்டிக்குள் மெத்தைபோலப் போட்டேன். தையல்காரி வீட்டில் வேறென்ன இருக்கும்? மறுநாள் பார்த்தால் ஒரு குஞ்சின் காலில் நூல் சுற்றி இறுகி, கால் நீலமாகிப் போயிருந்தது. அது பிழைக்கவில்லை. நீங்கள் என்னை ஒன்றும் சொல்லவில்லை, துணியையெல்லாம் எடுத்துவிட்டு மரக்கடையிலிருந்து தூள் வாங்கி வந்தீர்கள். நான் பதிலுக்கு அப்படி நல்லவளாக இருக்கவில்லை, ஏனென்றால் அடுத்த முட்டாள்தனம் உங்களுடையது, அது என்னுடையதைவிடப் பெரியது.

மார்கழிக் குளிர். பெங்களூர்க் குளிர் குஞ்சுகளுக்கு ஆகாது, சூடு வேண்டும், பெட்டிக்குமேல் பல்பு கட்டவேண்டும் என்று யாரோ சொன்னார்கள். இருபது வருஷமாக ஒயரிங் வேலை பார்க்கிற மனிதர், ஒரு பெரிய எல்.இ.டி. பல்பைக் கொண்டுவந்து கட்டினீர்கள். கல்யாண மண்டபம் மாதிரி வெளிச்சம். குஞ்சுகள் ஒரு மூலையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டு கத்தின. எனக்குச் சந்தேகம் வந்து பல்புக்குக் கீழே கையை நீட்டினேன்.

"ஏங்க, இதுல சூடே வர்லியே?"

"எல்.இ.டி. டி அது. சூடே வராது. அதான் அதோட விசேஷமே" என்று பெருமையாகச் சொன்னீர்கள். சொல்லிவிட்டு உங்கள் வாயிலிருந்து வந்ததை நீங்களே கேட்டு, அப்படியே வாயைப் பிளந்தபடி நின்றீர்கள்.

அன்று நான் சிரித்த சிரிப்புக்கு சாவித்ரம்மா மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து என்ன என்று கேட்டார். ஆனால் அதற்குள் குஞ்சுகளில் பாதி போய்விட்டன. ஏறி மிதித்ததில் அடியில் இருந்தவை நசுங்கிக் கிடந்தன. இந்த வீட்டில் ஒரு குண்டு பல்பு கூடக் கிடையாது, ஏனென்றால் எல்லாவற்றையும் பிடுங்கிப்போட்டு எல்.இ.டி. மாட்டிய மகராசர் நீங்கள்தான். எஸ்.பி. ரோடு முழுக்க அலைந்து, கடைக்கடையாகச் சிரிப்பு வாங்கிக்கொண்டு, கடைசியில் ஒரு கிழவர் கடையில் தூசி தட்டி எடுத்துக் கொடுத்தார் என்று இந்தப் பல்பைக் கைக்குழந்தையைத் தூக்கி வருவதுபோல் கொண்டுவந்தீர்கள். கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு, குஞ்சுகள் ஒண்டினால் இறக்கி, வாயைத் திறந்துகொண்டு ஓரத்துக்குப் போனால் ஏற்றி, பெட்டி முழுக்கப் பரவித் தூங்கினால்தான் நீங்களும் தூங்கப் போவீர்கள்.

மீதியும் ஒவ்வொன்றாகப் போய், ரோஸ் நிறக் குஞ்சு மட்டும் பிழைத்தது. சாயம் போய் வெள்ளைச் சேவலாக வளர்ந்து, விடியுமுன்பே கூவி, பின்னால் இருக்கிற அபார்ட்மெண்ட்காரர்களை ஜன்னல் ஜன்னலாக எழுப்பியது. அவர்கள் வந்து சத்தம் போட்டபோது, "இத்தினி வருஷமா நீங்க கட்டடம் கட்டின சத்தத்த நாங்க கேட்டோமே சார்" என்று அமைதியாகக் கேட்டீர்கள். உங்களிடம் எனக்குப் பிடித்த விஷயங்களில் அது ஒன்று. சேவலை ஹெசரகட்டாவில் சாவித்ரம்மாவின் தங்கை வீட்டுக்குக் கொடுத்துவிட்டு, அங்கிருந்து பெட்டைக்குஞ்சுகளாகப் பார்த்து வாங்கி வந்தீர்கள். அப்போதுதான் கூடு வேண்டும் என்று ஆயிற்று.

கூடு கட்டிய கதையை நான் யாரிடமும் சொல்வதில்லை. சொன்னால் சிரித்துவிடுவேனோ என்று பயம். வேலை நடந்த கட்டடங்களிலிருந்து பேக்கிங் பலகைகளைக் கேட்டு வாங்கி, பஸ்ஸில் ஏற்ற முடியாமல் தோளில் சுமந்து வந்தீர்கள். துவைக்கிற கல்லுக்கும் பப்பாளி மரத்துக்கும் நடுவில் இருந்த இடத்தில் நிறுத்தினீர்கள். நான் பலகையைப் பிடித்துக்கொள்ள, நீங்கள் ஆணி அடித்தீர்கள். ஆணி வளைந்தால் என் கை ஆடியது என்பீர்கள். கோழி வலை என்று கடையில் விற்கிற மெல்லிய கம்பி வலையைச் சுற்றிலும் அடித்து, பச்சைப் பெயிண்ட் பூசி, தூரத்தில் நின்று பார்த்தீர்கள். "இன்னா சொல்ற? ரேவதிக்குக் கூட நான் இப்பிடி ஒரு ரூம் கட்டிக் குடுக்கல" என்றீர்கள். அவள் காதில் அது விழுந்ததா என்று அன்று நான் கவனிக்கவில்லை.

பெருச்சாளி வந்தது. மோரிச் சாக்கடைப் பக்கமிருந்து மண்ணைக் குடைந்து, கூட்டுக்கு அடியால் உள்ளே புகுந்து, காலையில் நான் போய்ப் பார்த்தபோது இறகும் ரத்தமுமாக இருந்தது. நீங்கள் அன்று வேலைக்குப் போகவில்லை. சட்டையைக் கழற்றி வைத்துவிட்டுக் கூட்டைச் சுற்றி முழங்கால் ஆழத்துக்குப் பள்ளம் தோண்டினீர்கள். அந்த மெல்லிய வலையைப் பிய்த்தெறிந்துவிட்டு, வெல்டிங் வைத்த கெட்டிக் கம்பி வலையை மண்ணுக்குள் இறக்கி, வெளிப்பக்கமாக மடக்கி, மேலே உடைந்த டைல்ஸ் துண்டுகளைக் கொட்டி சிமெண்ட் போட்டீர்கள். கோழியை உள்ளே வைக்கிற வலை வேறு, எதிரியை வெளியே வைக்கிற வலை வேறு என்று மண்வெட்டியோடு நின்று எனக்கு விளக்கம் வேறு. கையெல்லாம் கொப்புளம். நான்தான் தேங்காய் எண்ணெய் தடவிவிட்டேன்.

அப்புறம் பூனை. மேலே மட்டும் தாழ்ப்பாள் போட்டிருந்த கதவின் கீழ் மூலையைப் பிறாண்டிப் பிறாண்டி, பலகையை வளைத்து, கையை உள்ளே விட்டு ஒரு கோழியின் காலைப் பிடித்துவிட்டது. நல்லவேளை நான் துணி காயப்போட வந்தேன். அன்று மாலையே கதவின் அடியில் ஒரு கொண்டியை வைத்து, அதன் துளையில் சொருக ஒரு தடித்த ஆணியையும் கொடுத்து, ஆணி தொலையாமல் இருக்க என் மெஷின் நூலை நாலாக முறுக்கிக் கட்டித் தொங்கவிட்டீர்கள். அதுதான் இரண்டாவது தாழ்ப்பாள்.

அன்றிலிருந்து தினமும் மாலையில் உங்கள் விசாரணை.

"கூடு பூட்டினியா?"

"பூட்டிட்டேன்."

"பூட்டிட்டேன்னு சொல்லாத. இழுத்துப் பாத்துட்டேன்னு சொல்லு."

எரிச்சலாக வரும். கேஸைத் திருகிப் பார்ப்பீர்கள், வாசல் பூட்டை இழுத்துப் பார்ப்பீர்கள். அடுகோடியில் என் தங்கை வீட்டு வளைகாப்புக்குக் கிளம்பி, ஆட்டோவில் பாதி தூரம் போய், பூட்டை இழுத்துப் பார்த்த ஞாபகம் இல்லை என்று ஆட்டோவைத் திருப்பினீர்கள். நாம் போய்ச் சேர்ந்தபோது வளையல் போட்டு முடிந்துவிட்டது. "உங்களுக்கு யார் சொன்னாலும் நம்பிக்கை கிடையாது" என்று நான் வழியெல்லாம் திட்டினேன். நீங்கள் சிரித்துக்கொண்டே, "என் வேலை அப்பிடி. ஆஃப்னு சொல்றவன் வாயில கரண்ட் இல்ல, கம்பியிலதான் கீது" என்றீர்கள். சட்டைப் பையில் சொருகியிருந்த, கரண்ட் இருந்தால் உள்ளே சிவப்பாக எரிகிற டெஸ்டரைத் தட்டியும் காட்டினீர்கள். அந்த மஞ்சள் கைப்பிடி டெஸ்டர் இல்லாமல் உங்களை நான் பார்த்ததே இல்லை. கல்யாணத்துக்குப் போட்ட பட்டுச் சட்டையில்கூடச் சொருகிக்கொண்டு போனீர்கள். தாலி மாதிரி என்று என் தங்கை கேலி செய்வாள்.

அப்படிப்பட்ட மனிதர்தான் கடைசியில் எவனோ ஒருவன் போனில் சொன்னதை நம்பினீர்கள்.

அன்று காலை நீங்கள்தான் கோழிகளுக்குத் தீனி வைத்துவிட்டு வந்தீர்கள். முட்டையிட உட்கார்ந்த ஒன்றை உள்ளேயே விட்டு, கூட்டை மூடிவிட்டு வந்து, நின்றபடியே காபியைக் குடித்தீர்கள். "நூல் அறுந்து ஆணி மோரியில வுழுந்துடுச்சி. சாயங்காலம் வேற கொண்டாறேன்" என்றீர்கள். நான் ஒரு கல்யாணப் பெண்ணின் ரவிக்கைக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தேன், சரி என்றேன். பையைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினீர்கள். திரும்பி வந்து வாசல் கேட்டை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் போனீர்கள்.

பழைய மெட்ராஸ் ரோட்டில் ஒரு பழைய ஆபீஸ் கட்டடத்துக்குப் புது ஒயரிங். நீங்கள் மாடியில். கீழே மெயின் பேனலில் இன்னொரு ஆள். ஆஃப் பண்ணியாச்சா என்று போனில் கேட்டீர்களாம். "ஆச்சு, ஆச்சு" என்றானாம். அவன் நிறுத்தியது வேறு மாடியின் லைன். உங்களோடு வேலை பார்த்தவர் ஆஸ்பத்திரி வராந்தாவில் இதைச் சொன்னபோது, நான் நம்பவே இல்லை. எங்கள் வீட்டுக்காரர் யார் சொன்னாலும் நம்ப மாட்டார் என்று அவரிடம் திரும்பத் திரும்பச் சொன்னேன்.

உங்களை எடுத்த மறுநாள் சூப்பர்வைசர் வந்தார். சலவைச் சட்டை, கழுத்தில் கம்பெனி அட்டை. உங்கள் வேலைப் பையைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். வீடு நிறைய சொந்தக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

"ரொம்ப சீனியர் மேடம் அவரு. அவரு போய் இப்பிடிப் பண்ணுவாருன்னு நாங்க எதிர்பார்க்கல. டெஸ்ட் பண்ணாம யாராச்சும் கை வெப்பாங்களா? பாக்கெட்ல டெஸ்டரே இல்ல மேடம். கொஞ்சம் அசட்டையா இருந்துட்டாரு."

"ஆஃப் பண்ணியாச்சுன்னு சொன்னானே, அவன்?"

"அவன் தெரிஞ்சத சொன்னான் மேடம். செக் பண்றது கை வெக்கிறவங்க பொறுப்பு இல்லியா?"

நான் பையைக் கவிழ்த்தேன். கட்டிங் பிளேயர், டேப், திருப்புளிகள், உங்கள் டிபன் பாக்ஸ், எல்லாம் இருந்தன. டெஸ்டர் இல்லை. "எங்க வீட்டுக்காரரு டெஸ்டர் இல்லாம வாசல் தாண்ட மாட்டாரு. உங்க ஆளுங்கதான் எடுத்து ஒளிச்சிட்டீங்க. செத்தவர்மேல பழியப் போட்டுட்டு நீங்க தப்பிக்கப் பாக்கறீங்க" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினேன். அந்த ஆள் எழுந்து போய்விட்டார். சொந்தக்காரர்கள் என் பக்கம்தான் பேசினார்கள். உங்கள் பெயருக்காக நான் போட்ட சண்டை அது. அதுவரை எனக்குக் கொஞ்சம் தெம்பு இருந்தது.

மறுநாள் சாவித்ரம்மா எனக்குக் கஞ்சி கொண்டுவந்து கொடுத்துவிட்டுச் சாதாரணமாகச் சொன்னார். "கோழிங்கள நானே தெறந்து நானே மூடிட்டு இருக்கேன், நீங்க யோசனை பண்ணாதீங்க. கீழ் தாழுக்கு ஆணி இல்ல, ஏதோ மஞ்சள் ஸ்க்ரூடிரைவர் சொருகி இருந்திச்சு. நானும் அதையே எடுத்து எடுத்துப் போட்றேன். சரிதானே?"

கஞ்சியை வைத்துவிட்டுப் பின்பக்கம் போனேன். கொண்டியின் துளையில் உங்கள் டெஸ்டர் கச்சிதமாகச் சொருகியிருந்தது. நீங்கள் சொருகியது. ஆணி மோரியில் விழுந்துவிட்டது, பூனை வந்துவிடும், கைக்கு என்ன கிடைக்கும் என்று பார்த்து, சட்டைப் பையிலிருந்து உருவிச் சொருகிவிட்டு, காபி குடிக்க வந்துவிட்டீர்கள். திறந்ததும் கோழிகள் என் காலைச் சுற்றிக்கொண்டு தீனிக்குக் கொத்தின. உள்ளே இரண்டு முட்டை இருந்தது. நீங்கள் செத்த அன்றும் அவை முட்டையிட்டிருக்கின்றன, நான் பின்பக்கம் போகாததால் எனக்குத் தெரியாமல் போயிற்று.

அவ்வளவு பத்திரம் அந்தக் கோழிகளுக்கு. மண்ணுக்குள் கம்பி, கம்பிக்குமேல் டைல்ஸ், மேலே ஒரு தாழ்ப்பாள், கீழே ஒரு தாழ்ப்பாள். உங்களுக்கு ஒரு கையுறை கொடுக்கவில்லை அந்தக் கம்பெனி. நீங்களும் கேட்கவில்லை. பாக்கெட்டைத் தொட்டதுமே டெஸ்டர் இல்லை என்று தெரிந்திருக்குமே. பக்கத்து ஆளிடம் கேட்டிருக்கலாம். இறங்கிப் போய் நீங்களே பேனலைப் பார்த்திருக்கலாம். எனக்கு ஒரு போன் போட்டிருந்தால் ஆட்டோ பிடித்துக் கொண்டுவந்து கொடுத்திருப்பேன், நம்ம ஜோகுபாளையத்திலிருந்து அது என்ன பெரிய தூரமா? ஒரு வளைகாப்புக்கு ஆட்டோவைத் திருப்பியவருக்கு, அன்று மட்டும் என்ன அவசரம்? இந்த ஒரு வருஷத்தில் இந்தக் கேள்விகளை நான் உங்கள் போட்டோவிடம் கேட்டுக் கேட்டு, போட்டோவைப் பார்க்கவே பிடிக்காமல் போய்விட்டது.

நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் என்ன ஆகும்? அசட்டை என்று சொன்னவர்கள் அடுத்தபடி சிரிப்பார்கள். கோழிக்கூட்டில் டெஸ்டரைச் சொருகிவிட்டு வேலைக்குப் போனாராம் என்று டீக்கடையில் கதையாகிவிடும். அசட்டை என்றே இருக்கட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். காரியத்தன்று உங்கள் மாமாவே, "கொஞ்சம் கவனமா இருந்திருக்கலாம்" என்றார். தெருவில் எல்லார் வீட்டு ஒயரையும் பார்த்துப் பார்த்துச் சரிசெய்த மனிதருக்கு ஊர் கொடுத்த பட்டம் அது. நான் இலையில் பாயசம் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

ரேவதி ஒரே ஒருமுறை கேட்டாள். "அப்பா ஏம்மா செக் பண்ணல? நம்மளப் பத்தி நெனைக்கவே இல்லியா?" தெரியாது என்றேன். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. பின்பக்கம் போவதையும் விட்டுவிட்டாள். கோழிகளை விற்றுவிடு என்றாள். "அவருக்கு நம்மள விட அதுங்கதான முக்கியம், ரூம்லாம் கட்டிக் குடுத்தாரே" என்றாள். உங்கள் பேச்சு அன்று அவள் காதில் விழுந்திருக்கிறது. நான் விற்கவில்லை. கொண்டிக்கு வேறு ஆணி வாங்கவும் இல்லை. காலையில் டெஸ்டரை உருவுவேன், மாலையில் சொருகுவேன், இழுத்துப் பார்ப்பேன். மழையில் கம்பி துருவேறிவிட்டது.

இப்போது இன்று காலைக்கு வருகிறேன்.

சாவித்ரம்மாவின் குஞ்சுகள் விடியும்போதே கத்த ஆரம்பித்துவிட்டன. ரேவதி போர்வையை இழுத்து மூடிக்கொண்டு பார்த்தாள், முடியவில்லை. எழுந்து வந்து பெட்டியை எட்டிப் பார்த்தாள். "குளிருதும்மா இதுங்களுக்கு. ஒண்டிக்கிட்டு இருக்கு பாரு" என்றாள். அவளேதான் பரணில் ஏறிப் பல்பையும் ஒயரையும் எடுத்தாள். அவள் ஆன்லைனில் வாங்கிய எக்ஸ்டென்ஷன் பெட்டியில் சொருகி ஸ்விட்சைப் போட்டாள், எரியவில்லை. ஒயரை இழுத்துப் பார்த்தோம். ஒரு இடத்தில் எலி கடித்து, உள்ளே செம்புக் கம்பி பளபளவென்று தெரிந்தது.

"இங்கதான் லூசா கீது. முறுக்கிவுட்டா போதும்" என்று விரலைக் கொண்டுபோனாள்.

"தொடாதடி!"

"ஸ்விட்ச் ஆஃப் பண்ணிட்டேன்மா. பாரு."

அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்கு என்ன ஆயிற்றென்று தெரியவில்லை. அவள் கையில் ஓங்கி ஒரு அடி வைத்தேன். வளர்ந்த பெண் என்று பார்க்கவில்லை. அவள் திகைத்து நிற்க, நான் பின்பக்கம் ஓடிப் போய், கொண்டியிலிருந்து டெஸ்டரை உருவிக்கொண்டு வந்தேன். முந்தானையில் துருவைத் துடைத்தேன். உங்கள் மாதிரியே கட்டைவிரலை டெஸ்டரின் தலையில் வைத்து, முனையை அந்தச் செம்புக் கம்பியில் வைத்தேன். இருபது வருஷம் பக்கத்தில் நின்று பார்த்த வேலை.

ஸ்விட்ச் ஆஃபில்தான் இருந்தது. ஆனாலும் மஞ்சள் கைப்பிடிக்குள் அந்தச் சின்னச் சிவப்பு விளக்கு எரிந்தது.

அந்தப் பெட்டியின் ஸ்விட்ச் வேறு கம்பியைத்தான் நிறுத்தியிருக்கிறது, கரண்ட் வருகிற கம்பியை இல்லை. எக்ஸ்டென்ஷன் பெட்டியைச் சுவரிலிருந்தே பிடுங்கிவிட்டு டெஸ்டரை மறுபடி வைத்துப் பார்த்தேன், சிவப்பு எரியவில்லை. அப்புறம் உங்கள் பையிலிருந்து டேப்பும் பிளேயரும் எடுத்து, அந்த இடத்தை வெட்டி முறுக்கிச் சுற்றி, சுவர் பிளக்கிலேயே நேராகச் சொருகினோம். பல்பு எரிந்தது. தூசி கருகியது.

ரேவதி டெஸ்டரைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கைப்பிடியில் நீங்கள் சூட்டுக்கோலால் எழுதிய உங்கள் பெயரின் முதல் எழுத்து இருந்தது.

"இது அப்பாவுதும்மா. காணோம்னு சண்ட போட்டியே. எங்க இருந்துச்சி?"

இனி மறைக்க என்ன இருக்கிறது? பின்பக்கக் கதவைக் காட்டினேன். அவள் போனாள். ஒரு வருஷத்துக்குப் பிறகு போகிறாள். கூட்டின் முன்னால் உட்கார்ந்து, வெறும் கொண்டியின் துளையில் விரலை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லாமலே புரிந்துகொண்டுவிட்டாள், உங்கள் பெண்ணாயிற்றே. துளையிலிருந்து விரலை எடுத்துவிட்டு, "தனக்கு ஒண்ணும் ஆவாதுன்னு நெனச்சிட்டாரும்மா" என்றாள். நான் இத்தனை நாள் உங்களை நினைத்து அழாத அழுகையை அப்போதுதான் அழுதேன். கோபம் அதில் கரைந்துபோய்விட்டது என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். உங்கள் பெண்ணை இன்று அந்த டெஸ்டர் காப்பாற்றிக் கொடுத்தது, சரி. முதலில் உங்களுக்குத்தானே அது எரிந்திருக்க வேண்டும்?

மதியம் ஹார்டுவேர் கடைக்குப் போனேன். கொண்டிக்குச் சொருக ஒரு தடித்த ஆணி வேண்டும் என்றேன். சாயங்காலம் கொண்டுவருகிறேன் என்று நீங்கள் சொல்லிவிட்டுப் போன ஆணி. கடைக்காரர் ஒரு பழைய டப்பாவுக்குள் கையை விட்டுத் துழாவி ஒன்றை எடுத்து மேஜைமேல் போட்டார். எவ்வளவு என்று பர்ஸைத் திறந்தேன்.

"இதுக்குப் போய் காசாம்மா? எடுத்துட்டுப் போங்க" என்றார்.

வழியில் எங்கேயும் நிற்காமல் வீட்டுக்கு வந்தேன். மெஷின் நூலை நாலாக முறுக்கி ஆணியைக் கட்டித் தொங்கவிட்டேன். கொண்டியில் சொருகி இழுத்துப் பார்த்தேன். நன்றாகத்தான் பிடித்திருக்கிறது, குஞ்சுகள் வளர்ந்ததும் உள்ளே விடலாம். டெஸ்டர் இப்போது என் பர்ஸுக்குள் இருக்கிறது, கடைக்குப் போனாலும் கோயிலுக்குப் போனாலும் கூடவே வரும். இனி நீங்களே வந்து கேட்டாலும் தரமாட்டேன்.